பாடையல்ல, நாற்காலி

குற்றாலத்துச் சாரல் மழை மாதிரி விழாது. யாரோ மேலே நின்று ஈரத் துண்டை உதறுகிற மாதிரி விழும். அந்த உதறலில் நனைந்துகொண்டு ஒரு காலை நேரத்தில் பங்களா வாசலில் நின்றோம். என் வீட்டுக்காரர், தூக்குவதற்கு அழைத்து வந்த நாலு ஆட்கள், கொஞ்சம் தள்ளி மாட்டு வண்டிக்குள் குடையைப் பிடித்தபடி நான்.

நடுவில் அவர் மாதக்கணக்கில் இழைத்து இழைத்துச் செய்த சாமான் இருந்தது. ஒரு பிரம்பு நாற்காலி, இரண்டு பக்கமும் நீள நீளமாக மூங்கில், மேலே நான் தைத்த வெள்ளைத் துணிப் பந்தல்.

பங்களாவில் சீசனுக்கு வந்து தங்கியிருந்தவர் மதுரைப் பக்கத்து ஓய்வுபெற்ற தாசில்தார். இரண்டு முட்டியிலும் வாதம். இவ்வளவு தூரம் ரயிலேறி வந்து, அருவியின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப்போகிற பாவப்பட்ட கூட்டம் ஒன்று உண்டு, அதில் ஒருவர். அவரை நோகாமல் தூக்கிக்கொண்டுபோய் அருவிக்கரையில் இறக்குவதாக ஏற்பாடு.

கதவு திறந்தது. தாசில்தாரின் மனைவி வந்தார். எங்கள் சாமானைத் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை பார்த்தார்.

“ஐயோ! மனுசன் உள்ள இட்லி தின்னுக்கிட்டிருக்காருய்யா! அதுக்குள்ள பாடையைக் கொண்டாந்து நிறுத்திட்டீங்களே!”

என் வீட்டுக்காரர் பதறிப்போனார். “பாடை இல்லம்மா, நாற்காலி. பாடையில படுக்கத்தான வைப்பாங்க? இதுல உக்காந்துக்கிட்டு வரலாம்.”

“எங்க வம்சத்துல உக்கார வச்சுத்தான்யா எடுப்போம்!”

கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து தாசில்தாரின் குரல் நிதானமாகக் கேட்டது: “யாருடி செத்தது?”

நீலச் சக்கரம்

போன வாரம் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, “உங்கள் கணவர் என்னதான் தொழில் செய்தார், அதைச் சொல்லாமல் சாப்பாட்டைப் பற்றியே எழுதுகிறீர்களே” என்று புளியங்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயம்தான். சாப்பாடு நன்றாக இருந்தது, அதனால் எழுதினேன்.

அவருக்குத் தென்காசியில் வண்டிப் பட்டறை. பெயர் ஆறுமுகம். வண்டி செய்வதில் கெட்டிக்காரர் என்று ஊரில் பேர் இருந்தது. அந்தப் பேரோடு நிறுத்திக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்போம்.

ஒருமுறை சிவப்பு வர்ணம் தீர்ந்துபோய், ஒரு குதிரை வண்டிக்குச் சக்கரத்தில் நீலம் அடித்துக் கொடுத்துவிட்டார். ஸ்டேஷனில் இறங்கிக் குற்றாலம் போகிறவர்கள் எல்லாம், “அந்த நீலச் சக்கர வண்டிதான் வேகமாப் போவுது” என்று அதற்காகக் காத்துக் கிடக்க ஆரம்பித்தார்கள். வண்டி அதே வண்டி. குதிரையும் அதே குதிரை. அது வேகமாக ஓடியதை அதைப் பெற்ற தாய்க்குதிரைகூடப் பார்த்திருக்காது.

அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு ஞானம் பிறந்தது.

“ஏட்டி பிச்சம்மா, வண்டி ஓடுதது ரோட்டுல இல்ல. பாக்குதவன் மண்டையில.”

ஞானம் பிறந்த புருஷனோடு குடித்தனம் செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது, பிறக்காதவர்களோடு வாழ்கிறவர்களுக்குத் தெரியாது.

யாராவது உக்காருவாங்க

அந்த நாற்காலியை அவர் முதலில் குற்றாலத்துக்காகச் செய்யவில்லை. தன் அக்காளுக்காகச் செய்தார்.

அக்காள் பெயர் உலகம்மாள். எனக்கு மதினி. செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டாவது பிரசவத்தில் பிள்ளையும் தங்கவில்லை; பின்னாடியே வந்த காய்ச்சலில் இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. “ஒரு மாசம் பொறந்த வீட்டுல இருந்து வைத்தியம் பாக்கட்டும்” என்று புருஷன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். எந்த வருஷத்து மாசம் என்று சொல்லவில்லை. அடுத்த தையில் அவருக்குச் செங்கோட்டையிலேயே வேறு கல்யாணம் நடந்தது. மூத்த பெண் சுப்பு தகப்பன் வீட்டிலேயே வளர்ந்தாள். பொங்கலுக்கு வந்து தாயைப் பார்த்துவிட்டுப் போவாள்.

மதினி எங்காவது போக வேண்டுமென்றால் தம்பிதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அவளுக்கு அது ஆகாது. “நெல்லு மூட்டையத்தான் அப்படித் தூக்குவாங்க” என்பாள். ஆகவே எங்கும் போவதில்லை. கூப்பிடு தூரத்தில் குற்றாலம். அருவியில் நனைந்து வருஷங்கள் ஆகியிருந்தன.

நாற்காலி முடிந்ததும் வீட்டுக்குள் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தோம். மதினி அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நல்லாருக்குலே தம்பி. அருமையா செஞ்சிருக்க,” என்றாள். “யாராவது உக்காருவாங்க.”

அதற்கப்புறம் வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த ‘யாராவது’தான் தாசில்தார். அவர் வாசலில் நடந்ததைத்தான் மேலே சொன்னேன்.

இதைப் பாத்தா என்ன தோணுது?

வேறு ஒருவராக இருந்தால் நாற்காலியை விறகுக்குப் போட்டிருப்பார். இவர் அதைக் குற்றாலத்தில் பாதையோரம் வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, “அண்ணாச்சி, இதைப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது?” என்று கேட்க ஆரம்பித்தார்.

பெண்களிடம் கேட்கிற வேலை எனக்கு. நான் அருவியில் பெண்கள் பக்கம் நின்று கேட்டேன். அங்கே ரகசியம் பேச முடியாது. தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்திச் சொல்லும்போது பொய் அவ்வளவாக வராது என்று கண்டுகொண்டேன்.

மூங்கிலைப் பார்த்தால் எல்லோருக்கும் பாடை. ஆகவே மூங்கிலை எடுத்துவிட்டு, தேக்கில் கடைசல் பிடித்துப் பித்தளைப் பூண் போட்டார். வெள்ளைத் துணியை மாற்றிச் சிவப்புத் துணி தைத்துக் கொடுத்தேன். ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “எந்தக் கோயில் சப்பரம்?” என்று கேட்டார். மாம்பழ மஞ்சளில் குஞ்சம் வைத்துத் தைத்தேன். வயசான ஒரு ஆச்சி, “இந்த வயசுல என்னை மாப்பிள்ளைப் பல்லக்குல ஏறச் சொல்லுதியா, வெக்கங்கெட்டவளே” என்று என்னை வைதார்.

பெயரிலும் வம்பு. ‘தூக்கு நாற்காலி’ என்று பெயர் வைத்திருந்தோம். திருநெல்வேலி வக்கீல் ஒருவர் கேட்டார்: “தூக்கா? அப்பீலுக்கு வழி உண்டாவே?” அன்றைக்கே ‘சாரல் நாற்காலி’ என்று மாற்றினோம்.

கால்கள் கதைதான் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு. வேங்கை மரத்தில் மெல்லிசாகக் கால் வைத்திருந்தார். யானையை ஏற்றினாலும் தாங்கும். ஒருத்தரும் நம்பவில்லை. “ஒடிஞ்சு போவும்” என்றார்கள். அவர் அந்த வேங்கைக் கால்களுக்கு மேல், முருங்கை மரத்தைக் குடைந்து உருண்டையாக ஒரு சட்டை போட்டுவிட்டார். முருங்கை, அடுப்பெரிக்கக்கூட ஆகாது. வந்து தட்டிப் பார்த்துவிட்டு, “இப்பத்தான்யா உறுதியா இருக்கு” என்றார்கள்.

கேட்கக் கேட்க ஒன்று மட்டும் விளங்கிற்று. எல்லோருக்கும் ஒத்துக்கொள்கிற நாற்காலி என்று ஒன்று பிறக்கப்போவதில்லை. ஒருவர் கண்ணுக்குப் பாடை, இன்னொருவர் கண்ணுக்குச் சப்பரம். ஆகவே அடி நாற்காலியை ஒன்றாக வைத்துக்கொண்டு, மேல்சாமான் அத்தனையையும் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்தார். ஆணி கிடையாது, எல்லாம் ஆப்புதான். பந்தல் வேண்டுகிறவருக்குப் பந்தல். வேண்டாதவருக்கு வானம். சாய்மானத்தை ஏற்றலாம், இறக்கலாம். துணி அவரவர் மனசுப்படி.

தாசில்தாரும் வண்டி பிடித்து வந்தார். பந்தலைக் கழற்றச் சொன்னார். துணியே கூடாது என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, “கைத்தடியைச் செருகிக்க ஒரு வளையம் வைக்க முடியுமா?” என்று கேட்டார். அவருக்கு அந்தத் தடியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் வளையத்தில் தடி இருந்தால், பார்க்கிறவர்களுக்கு அவர் நடக்க முடியாதவர் இல்லை, நடக்கப் பிரியமில்லாதவர். அந்த சீசன் முழுக்கத் தினமும் அருவிக்குப் போனார், நடக்கப் பிரியமில்லாத பெரிய மனுஷராக.

தாம்பூலம்

ஆவணி பிறப்பதற்குக் கொஞ்சம் முந்தி, செங்கோட்டைக்காரர் பட்டறைக்கு வந்தார். மதினியின் புருஷர்தான். கையில் தாம்பூலத் தட்டு. சுப்புவுக்குக் கல்யாணம்.

“தாய்மாமன் இல்லாம கல்யாணமா? நீங்க ரெண்டு பேரும் முந்தின நாளே வந்துரணும்,” என்றார்.

“அக்காவையும் கூட்டிட்டு வாரோம் அத்தான்,” என்றார் இவர்.

“அவளுக்கு எதுக்குச் சிரமம்? தூக்கிக் கொண்டாந்து சபையில இறக்குனா நல்லாவா இருக்கும்? மாப்பிள்ளையோட அம்மா சகுனம் பாக்குதவ. எதையாவது நெனைச்சுட்டான்னா, பிள்ளை வாழ்க்கைல்லா?”

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். அந்தப் பக்கம் மதினி உட்கார்ந்திருந்தாள். அது அவருக்கும் தெரியும்.

என் வீட்டுக்காரர் உளியைக் கீழே வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். பிள்ளை வாழ்க்கை என்று சொன்ன பிறகு என்ன பேச? செங்கோட்டைக்காரர் போனபின் நான் உள்ளே போனேன். மதினி அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அழவில்லை.

“ஏட்டி பிச்சம்மா, குத்தாலத்துல ஊர்க்காரன் எல்லார்கிட்டயும் கேட்டியளே, இதைப் பாத்தா என்ன தோணுதுன்னு. என்கிட்ட கேட்டியளா?”

“உங்களுக்குத்தான மதினி மொதல்ல காட்டுனோம்?”

“காட்டுனிய. கேக்கல.”

“இப்பக் கேக்கேன். சொல்லுங்க,” என்றேன்.

“நான் நாற்காலியைப் பாக்கலட்டீ. அதுல உக்காந்தா எனக்கு என்ன தெரியும்னு பாத்தேன். எதிர்ல வாற அத்தனை மூஞ்சியும் தெரியும். ஒவ்வொண்ணுலயும் ‘அடப்பாவமே’ன்னு எழுதியிருக்கும். தெரு முழுக்க அதை வாசிச்சுக்கிட்டே போகணும். எனக்கு அது முடியாது.”

வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“என்னைப் பின்னால பாத்து உக்கார வைங்க. எதிர்ல வாறவனுக்கு என் மூஞ்சி தெரியாது. தாண்டிப்போயிட்டுத் திரும்பிப் பாத்தான்னா, நான் அவனையே பாத்துக்கிட்டிருப்பேன். அப்ப யாருக்கு வெக்கம்?”

நான் பட்டறைக்கு ஓடினேன். மதினி சொன்னதை இவரிடம் சொன்னேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து ஆப்புகளைத் தட்டிக் கழற்றினார். சாயங்காலத்துக்குள் நாற்காலி முன்னால் பார்க்கவும் பின்னால் பார்க்கவும் திரும்புகிறதாக ஆகியிருந்தது.

துணி எது என்று கேட்டேன். குற்றாலத்தில் யாரும் சீந்தாத மாம்பழ மஞ்சளைக் காட்டினாள், குஞ்சத்தோடு. “கல்யாணத்துக்குத்தான போறோம்?”

இவருக்குப் பயம் விடவில்லை. “அக்கா, நம்ம போயி, அதனால பிள்ளை கல்யாணம் நின்னுபோச்சுன்னா?”

“பெத்தவளைப் பாத்து நிக்குத கல்யாணம்னா நிக்கட்டும்லே. நிக்காது. நீ ஆப்பை இறுக்கு.”

மறுநாள் வெயில் தாழ, தேர் ஓடுகிற வீதியில் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தோம். எங்கள் உறவுக்காரி ஒருத்தி எதிரே வந்தாள், தாண்டினாள், நினைத்தபடியே திரும்பிப் பார்த்தாள். மதினி சிரித்துக்கொண்டே, “என்ன மைனி, சௌக்கியமா? மூட்டு வலி தேவலையா?” என்றாள். பாவம், அந்த அம்மாள் நடுத்தெருவில் நின்று தன் மூட்டு வலியைப் பற்றிப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

மாப்பிள்ளை அழைப்பு

கல்யாணத்துக்கு முந்தின நாள் வண்டி கட்டிக்கொண்டு செங்கோட்டை போனோம். அப்போது அது திருவிதாங்கூர் சீமை. சுங்கத்தில் ஒரு சேவகன் வண்டியை நிறுத்தி, “எந்தாணு இது? கச்சவடச் சரக்கோ?” என்று கேட்டான். விற்பனைச் சாமான் என்றால் தீர்வை கேட்பான்.

“நான் உக்காரப்போற சாமானை எப்படிய்யா விக்க முடியும்?” என்றாள் மதினி. சேவகன் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “கொள்ளாம்” என்று விட்டுவிட்டான். நன்றாயிருக்கிறதாம். நாங்கள் கேட்காமலே நல்ல அபிப்பிராயம் சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

கல்யாணத் தெரு முனையில் வண்டியை நிறுத்தி, மதினியை நாற்காலியில் ஏற்றினோம். நாலு ஆட்கள் தூக்கினார்கள். மஞ்சள் பந்தல், குஞ்சம், பித்தளைப் பூண். முதுகைக் காட்டிக்கொண்டு மதினி. நானும் இவரும் பின்னால் நடந்தோம்.

தெருவின் அந்தக் கோடியில் பந்தல் வாசலில் மேளக்காரர்கள் மாப்பிள்ளைக்காகக் காத்திருந்தார்கள். தூரத்தில் நாலு பேர் தோளில் குஞ்சம் ஆட ஒன்று வருகிறது. அவர்களுக்கு வேறு என்ன தோணும்?

நாதஸ்வரம் எடுத்துவிட்டது.

“மாப்பிள்ளை வந்தாச்சு!” என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தார்கள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். செங்கோட்டைக்காரர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, வாசலில் வந்து, இரண்டு கையையும் கூப்பி நின்றார்.

நாலு ஆட்களும் பந்தல் வாசலில் நின்று, நாற்காலியை மெதுவாகத் திருப்பினார்கள்.

நாதஸ்வரம் நின்றது. தவில்காரர் மட்டும் விஷயம் தெரியாமல் இன்னும் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினார்.

மதினி பட்டுச் சேலையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, நிற்கிற சபையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். கடைசியாக, கூப்பிய கையை இறக்க மறந்து நின்றவரையும் பார்த்தாள்.

“எதுக்கு எல்லாரும் எந்திரிச்சிட்டிய? உக்காருங்க, உக்காருங்க,” என்றாள்.

ஆரத்தித் தட்டைப் பிடித்திருந்த பெண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எடுத்த ஆரத்தியைச் சுற்றாமல் உள்ளே கொண்டுபோகவும் கூடாது. அப்போது உள்ளேயிருந்து ஒரு ஒல்லியான பெண்பிள்ளை வந்து தட்டை வாங்கினாள். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மதினிக்குச் சுற்றினாள், நெற்றியில் பொட்டு வைத்தாள், வாசலில் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள்தான் செங்கோட்டைக்காரரின் இளைய சம்சாரம் என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

சுப்பு ஓடிவந்தாள். பாதி பின்னிய சடையோடு, தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என்னவோ சொன்னாள், அழுகையில் ஒன்றும் புரியவில்லை. மதினி அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“அழாதட்டீ, மை கரையுது. நெசமான மாப்பிள்ளை இப்ப வந்துருவான்.”

என் வீட்டுக்காரர் குனிந்து ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. அவருக்கு முகத்தை வைத்துக்கொள்ள வேறு இடமில்லை.

சம்பந்தியம்மாள்

மறுநாள் காலையில் தாலி கட்டும்போது, மணைக்குப் பக்கத்தில் மதினி இருந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முந்தின நாள் எழுந்து நின்று வரவேற்றவளை மறுநாள் என்ன சொல்லி அனுப்புவது?

பந்தி முடிந்தபின் சகுனம் பார்க்கிற சம்பந்தியம்மாள் எங்களை நோக்கி வந்தார். நல்ல கனத்த சரீரம். ஒவ்வொரு அடிக்கும் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு வந்தார். அவர் நாற்காலியைச் சுற்றி வந்தார். கைப்பிடியை அமுக்கிப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்:

“எனக்கும் முட்டு மடங்க மாட்டங்கு தம்பி. இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தருவீயளா? எனக்குன்னா உக்காருத இடம் கொஞ்சம் அகலமா வேணும். ஆனா அகலம்னு வெளிய தெரியப்படாது.”

இவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். “துணி என்ன வர்ணம், பந்தல் வேணுமான்னு சொன்னீங்கன்னா…” என்று ஆரம்பித்தார்.

“நீ சும்மா இருலே தம்பி,” என்று மதினி கையமர்த்தினாள். சம்பந்தியம்மாள் பக்கம் திரும்பினாள். “வர்ணமெல்லாம் பொறவு பாத்துக்கலாம் சம்பந்தி. மொதல்ல இதைச் சொல்லுங்க. நீங்க இதுல போகையில உங்களை யாரு பாக்கணும், யாரு பாக்கக்கூடாது?”

சம்பந்தியம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார். அத்தனை வயசுக்கு அப்புறம் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. நன்றாக யோசித்தார். பிறகு முக்காலியை இழுத்துப்போட்டு மதினியிடம் நெருங்கி உட்கார்ந்தார்.

“என் ஓரகத்தி பாக்கணும்,” என்றார். “வேற யாரு பாத்தாலும் பாக்காட்டாலும் போகட்டும். அவ வீட்டு வாசல் வழியா மட்டும் ரொம்ப மெதுவாத் தூக்கிட்டுப் போகணும்.”